தேன் மணக்கும் ஜிப்

வாருங்கள், வாசகர்களே! கையிலுள்ள வேலையை ஒரு பக்கம் வைத்துவிட்டு வந்து நில்லுங்கள். இங்கே ஓர் அநீதி நடந்துகொண்டிருக்கிறது. அதற்குச் சாட்சி வேண்டும். கத்தி இல்லை, குருதி இல்லை, விழுந்து கிடக்கும் உடலும் இல்லை. ஆனாலும் ஒரு பெண்ணின் பெயரைக் கழுத்தை நெரித்துக் கொல்கிறார்கள். பட்டப்பகலில், தேநீர் குடித்துக்கொண்டே கொல்கிறார்கள்.

அந்தப் பெயர் ரோவெனா பிளைத். 'பெல்காட் மாளிகை' தொலைக்காட்சித் தொடருக்கு ஆடைகளை வடிவமைத்தவர். இங்கிலாந்து மன்னர் மனம் பேதலித்துக் கிடக்க, மகனான இளவரசர் நாட்டை ஆண்ட ரீஜென்சி காலத்துக் கதை அது. ஞாயிறு மாலையானால் நாடே அதன் முன் அமர்கிறது. மார்புக்குக் கீழே முடிச்சிட்டுக் கால்வரை வழியும் வெள்ளை மஸ்லின் கவுன்களைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறது. "ஒவ்வொரு தையலும் அந்தக் காலத்துத் தையல்" என்று விளம்பரம் முழங்கியது.

சென்ற புதன்கிழமை பாத் நகரத்தில், பத்திரிகைக்காரர்களுக்காக அந்த ஆடைகளைக் காட்சிக்கு வைத்தார்கள். நடனக் காட்சிக்கான கவுனின் முதுகில், நாடாக்களுக்கு அடியில் பளபளத்தது ஒரு ஜிப்! அந்த இளவரசர் மண்ணோடு மண்ணாகி ஒரு நூற்றாண்டு கழிந்தபின் பெண்களின் ஆடையில் ஏறிய ஜிப்! எவரோ படமெடுத்தார், ஊர் சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். சிரித்ததோடு நில்லாமல் நண்பருக்கும் அனுப்பினீர்கள்.

இன்று பிற்பகல் தயாரிப்பாளர் ரூபர்ட் மேல்டன் முடிவெடுக்கப் போகிறார்: தொடரின் இறுதியில் ஓடும் பெயர்களில் ரோவெனாவின் பெயரை விட்டுவைப்பதா, நீக்குவதா? நீக்கினால் அவருக்கு இனி எந்தப் படப்பிடிப்பிலும் வாசல் திறக்காது. திரையில் ஓடும் பெயரைப் பார்த்தே அடுத்த வேலையைத் தரும் தொழில் அது.

ஆகவேதான் ரோவெனாவின் அழைப்பை ஏற்று, மழையோடு மழையாக, துப்பறியும் தியடோரா கிளெக் படப்பிடிப்பு மாளிகைக்கு வந்து இறங்கினார். பின்னால் ஒரு கையில் குடையும் மறுகையில் பன்றி இறைச்சி ரொட்டியுமாக அவருடைய உதவியாளர் பர்னபி. ஒரு காலத்தில் கடற்கரைக் கொட்டகைகளில் நகைச்சுவை சொல்லிப் பிழைத்தவர். இப்போது தியடோராவிடம் சொல்லிப் பிழைக்கிறார்.

முற்றத்தில் தேநீர் வண்டியின் முன் ரீஜென்சி சீமாட்டிகள் வரிசையில் நின்றார்கள். மஸ்லினுக்கு மேலே பஞ்சடைத்த கறுப்புக் கோட்டு. மஸ்லினுக்குக் கீழே ஆட்டுத்தோல் பூட்ஸ்.

"பாருங்க பாஸ்," என்றார் பர்னபி. "மேல பாதி துருவத்துக்குப் போகுது, நடுவுல நடனத்துக்குப் போகுது, கால் மட்டும் ஆடு மேய்க்கப் போகுது."

"இந்த மூணுல எதுக்கு ஜிப் இருக்கு?"

"கோட்டுக்கு."

"அப்ப ஜிப் எங்க கிடைச்சுதுங்கற கேள்வி முடிஞ்சுது. எங்க பாத்தாலும் ஜிப்தான். தச்ச கை எதுன்னு மட்டும் பாப்போம், வா."

*

ஆடை அறையில் ரோவெனா நின்றிருந்தார். கழுத்தில் அளவு நாடா; கண்கள் சிவந்திருந்தன. எதிரே, தலையில்லாத பொம்மையின் மீது குற்றம் சாட்டப்பட்ட கவுன், பனிபோல் வெண்மையாக.

"நான் வச்சது நாடா, மேடம். கழுத்துல ஒரு சுருக்கு நாடா, மார்புக்குக் கீழ ஒண்ணு, நடுவுல குண்டூசி. அந்தக் காலத்துல அப்படித்தான் போட்டாங்க. குத்துது குத்துதுன்னு நடிகைங்க தினம் என்னைத் திட்டுவாங்க. அதுக்கும் நான் மசியலை. போதாக்குறைக்கு இந்த வாரம் லேஸ் தொப்பிங்க வேற காணோம். யாருக்கு என்மேல இவ்வளவு கோபம்னே தெரியலை."

"உள்தையல் எல்லாம் கையாலதானா?" என்று கேட்டார் தியடோரா.

ரோவெனாவின் முகம் கன்றியது. "இல்ல. கேமரா பாக்கற இடம் மட்டும்தான் கை. உள்ள எல்லாம் மிஷின். ஒரு கூடம் நிறைய ஆடறவங்களுக்குக் கையாலயே தச்சா, அவங்க பேரப்பிள்ளைங்கதான் அதைப் போட்டுக்கிட்டு ஆடணும். 'ஒவ்வொரு தையலும்'னு விளம்பரக்காரங்க சொன்னாங்க. நான் அப்பவே மறுத்திருக்கணும். வாயை மூடிக்கிட்டு இருந்துட்டேன்."

தியடோரா ஜிப்பின் ஓரமாகச் சுட்டுவிரலை மெல்ல ஓட்டினார். பிறகு அந்த விரலை மூக்கருகே கொண்டுபோனார்.

"தேன்."

"காலையில தேன் தடவின ரொட்டியை யாரு சாப்பிட்டாங்களாம்?" என்றார் பர்னபி. "எனக்கு ஒரு துண்டு நீட்டலையே! வயித்தெரிச்சல்ல சொல்றேன், அது உங்க விரல் வாசனை பாஸ்."

தியடோரா விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

கதவு திறந்தது. கையில் தேநீர்க் கோப்பையுடன் உள்ளே வந்தவர் டாக்டர் இமோஜன் ஹார்கோர்ட். தொடரின் வரலாற்று ஆலோசகர். அக்காலத்து ஆடைகளைப் பற்றித் தலையணை பருமனுக்கு ஒரு நூல் எழுதியவர். தோளில் சாம்பல் நிறச் சால்வை.

"ரோவெனா, டார்லிங், காலையிலேருந்து நீ ஒண்ணுமே குடிக்கலையே." கோப்பையைத் தோழியின் கையில் வைத்துவிட்டுத் தியடோராவிடம் திரும்பினார். "நானும் இவளும் தையல் கத்துக்கிட்டது ஒரே பெஞ்சுல, மேடம். அப்பவே இவ எதைத் தச்சாலும் கை தட்டுவாங்க."

"பக்கத்துலயே உக்காந்திருந்தா காது வலிச்சிருக்குமே," என்றார் பர்னபி.

இமோஜன் சிரித்தார். உதடு மட்டும் சிரித்தது.

"இந்தக் கவுன் யார் யார் கைக்குப் போச்சு?" என்று கேட்டார் தியடோரா.

"எல்லா உடையையும் நான் பாத்து சரின்னு சொன்னாதான் வெளியே போகும். திங்கக்கிழமை முழுக்க இது என்கிட்டதான் இருந்துச்சு. அப்ப நாடாதான், சத்தியமா. பெட்டியில வச்சு, தொப்பியையும் வச்சு, கட்டி, கதாநாயகி சஸ்கியாவோட அறைக்கு அனுப்பினேன். புதன்கிழமை அங்கேருந்து நேரா காட்சிக்குப் போச்சு. அங்க எல்லார் கண்ணு முன்னாடியும் பெட்டியைப் பிரிச்சுப் பொம்மைக்குப் போட்டாங்க." குரல் தாழ்ந்தது. "சஸ்கியா ஜிப் வேணும்னு எத்தனை நாளா அழுதாங்கன்னு யாரை வேணாலும் கேளுங்க. நான் சொன்னதா சொல்லாதீங்க."

"ரோவெனா தப்பு பண்ணியிருக்க மாட்டாங்கன்னு நம்பறீங்களா?"

"இவளுக்கு ஒண்ணுன்னா என்னால தாங்க முடியாது," என்றார் இமோஜன். தோழியின் தோளை அணைத்துக்கொண்டார். அவர் கண் மட்டும் கவுனை விட்டு அகலவே இல்லை. அணைத்த கை யாருடையது, பார்த்த கண் யாருடையது என்பதை நெஞ்சில் நிறுத்திக்கொள்ளுங்கள், வாசகர்களே.

*

கதாநாயகி சஸ்கியா வேனின் அறையில் மூன்றின் ஆட்சி நடந்தது: நறுமணம், கண்ணாடி, நாய். டியூக் என்ற பழுப்பு நிற ஸ்பானியல் கூடைக்குள் சுருண்டு குறட்டை விட்டது. அதன் முடி நாற்காலியில், திரைச்சீலையில், தேநீர்க் கோப்பையில், காற்றில்கூடப் பறந்தது.

"ஆமா, ஜிப் கேட்டேன்!" என்று சீறினார் சஸ்கியா. "கேக்கக்கூடாதா? முதுகுல குண்டூசி வச்சுக்கிட்டு காதல் வசனம் பேசிப் பாருங்க, அப்ப தெரியும். ஆனா அந்தப் பெட்டியை நான் தொடவே இல்ல. வந்த கட்டோட மூலையில கிடந்துச்சு. கட்டோடயே தூக்கிட்டுப் போனாங்க."

"திறந்துகூடப் பாக்கலையா?"

"எதுக்குத் திறக்கணும்? உள்ள தொப்பி இருக்கும்! கதையில எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சாம். கல்யாணம் ஆன பொம்பளைன்னா தலையில லேஸ் தொப்பியாம். கேட்டா வரலாறாம்! கூட நடிக்கறாளே, பெட்டினான்னு ஒரு பொண்ணு, அவளுக்கு மட்டும் தொப்பி கிடையாது. தலை நிறைய முத்தை வச்சுக்கிட்டு சுருள் முடியை ஆட்டி ஆட்டி நடப்பா. நான் பக்கத்துல தேநீர் கெட்டிலுக்கு உறை மாட்டின மாதிரி நிக்கணும்!"

தியடோரா கூடையருகே குனிந்தார். உறங்கும் நாயை ஒரு கையால் சற்றே தூக்கினார். அடியில் மெத்தையாக விரிந்து கிடந்தன, காணாமற்போன லேஸ் தொப்பிகள்.

சஸ்கியாவின் முகத்திலிருந்த சாயத்தையும் மீறி நிறம் மாறியது. "அது... டியூக்குக்குக் குளிருதுன்னு..."

"இவருக்கும் கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேட்டார் பர்னபி.

நடைக்கூடத்துக்கு வந்ததும் பர்னபி கைகளைத் தேய்த்துக்கொண்டார். "கேஸ் முடிஞ்சுது பாஸ். தொப்பியைத் திருடினவங்க ஜிப்பை வைக்க மாட்டாங்களா? பெட்டினா மேல பொறாமை, ரோவெனா மேல கோபம். சாப்பிடப் போலாமா?"

"உன் கால்சட்டையைப் பாரு."

பர்னபி குனிந்து பார்த்தார். கால்சட்டை பாதி ஸ்பானியலாக மாறியிருந்தது. "ஐயோ! அந்த நாய் என்கிட்ட வரவே இல்லையே!"

"வரலை. நாற்காலியில கொஞ்ச நேரம் உக்காந்ததுக்கே இந்தக் கதி. அந்த வெள்ளைக் கவுன்ல ஒரு முடி பாத்தியா?"

பர்னபி முடியைத் தட்டிவிடத் தொடங்கினார்.

"அந்த அறையில பெட்டியைத் திறந்து, கவுனை மடியில போட்டு, ஒரு முழம் ஜிப்பைத் தச்சிருந்தா அது மஸ்லினா இருந்திருக்காது, கம்பளியா இருந்திருக்கும். சஸ்கியா தொப்பித் திருடி. அதுக்கு மேல ஒண்ணும் இல்ல. பெட்டி அந்த அறைக்கு வரும்போதே ஜிப் உள்ள இருந்துச்சு."

"அப்ப ஒண்ணு ரோவெனா, இல்லன்னா இமோஜன். ரெண்டு பேரும் ஒரே பெஞ்சுல தையல் கத்துக்கிட்டவங்க. நான் தைக்கலைன்னு ரெண்டு பேரும் சொல்வாங்க. எப்படி பாஸ் கண்டுபிடிக்கப் போறீங்க?"

"கண்டுபிடிக்கப் போறதில்ல, பர்னபி. பாராட்டப் போறேன். நான் பாராட்டினதும் நீ கை தட்டணும்."

"கை தட்டறதா? வாழ்க்கை முழுக்க மத்தவங்க எனக்குத் தட்டணும்னு ஏங்கினவன்கிட்ட கேக்கறீங்களே!" என்று பெருமூச்செறிந்தார் பர்னபி.

*

உணவு இடைவேளை முடிந்ததும் ஆடை அறையில் எல்லாரும் கூடினார்கள். தயாரிப்பாளர் மேல்டன் ஈரக் கோட்டைக்கூடக் கழற்றாமல் கதவருகே நின்றார். ரோவெனா சன்னலோரம்; இமோஜன் அவர் பக்கத்தில்.

"சீக்கிரம் சொல்லுங்க, மேடம்," என்றார் மேல்டன். "லண்டன்லேருந்து ஃபோன் வந்துக்கிட்டே இருக்கு. பேரை எடுத்துடறேன்னு சொல்லிட்டா எனக்கு நிம்மதி."

"எடுக்கறதா? பெருசாப் போடுங்க!" என்றார் தியடோரா.

அறை திகைத்தது. அவர் பொம்மையைத் திருப்பி, ஜிப்பின் ஓரத்தை விரித்துக் காட்டினார்.

"ஜிப்பை மறந்துடுங்க. அதைப் பிடிச்சிருக்கற தையலைப் பாருங்க. முழுக்கக் கைத்தையல். கசகசாவை வரிசையா வச்ச மாதிரி, ஒண்ணு பெருசில்ல, ஒண்ணு சின்னதில்ல. நூல் வெளுக்காத லினன் நூல். சிக்காம இருக்கறதுக்காகத் தேன்மெழுகுல இழுத்த நூல். மோந்து பாருங்க, இன்னும் தேன் வாசனை போகலை. இருநூறு வருஷத்துக்கு முந்தி இந்த ஊர்த் தையல்காரிங்க எப்படித் தச்சாங்களோ, அச்சு அசல் அதே தையல். இந்தத் தொடர் மொத்தத்துலயும் உண்மையான ரீஜென்சின்னு ஒண்ணு இருந்தா, இந்த ஒரு முழம்தான்! ரோவெனா, உங்களை நான் குறைச்சு எடை போட்டுட்டேன். மன்னிச்சிடுங்க. இந்த நாட்டுலயே இப்படி ஒரு கை உங்க ஒருத்தருக்குத்தான் இருக்கு."

"மேடம், நான் அதை—"

"அடக்கமா வேற இருக்காங்க! மேல்டன், 'கைத்தையல்: ரோவெனா பிளைத்'னு தனியா ஒரு வரி போடுங்க. விருதுக்கும் அனுப்புங்க."

பர்னபி கை தட்டினார். கொட்டகையில் கற்ற கை; அறை அதிர்ந்தது. எதற்கென்று புரியாமலே மேல்டனும் தட்டினார். கைதட்டல் வளர்ந்தது. வளர வளர, இமோஜனின் முகம் சால்வையின் நிறத்துக்கு வந்தது.

"நிறுத்துங்க!"

கைகள் நின்றன.

"அவளுக்கு இந்தத் தையல் வராது! பெஞ்சுல உக்காந்த நாள்லேருந்து வரலை. அவ நூலை மெழுகுல இழுத்ததே கிடையாது. மிஷின்ல கடகடன்னு ஓட்டிட்டு, மேல ஒரு நாடாவைக் கட்டிட்டு, கைதட்டல் வாங்கிக்கிட்டுப் போறவ! இதுக்குமா அவளுக்குக் கைதட்டு? நான் நாள் முழுக்கக் கண்ணு எரிய உக்காந்து—"

சொல் பாதியில் அறுந்தது.

தியடோரா குரலை உயர்த்தவில்லை. "மிஷின்ல தச்சிருந்தா பழி ரோவெனா தலையில கச்சிதமா உக்காந்திருக்குமே, டாக்டர். ஏன் தைக்கலை?"

இமோஜன் கவுனைப் பார்த்தார். கேள்வியே புரியாதவர்போல் பார்த்தார்.

"ரீஜென்சி கவுனுக்கு மிஷின் தையலா? என் கையாலயா? அது எப்படி முடியும்?"

"ஜிப் மட்டும் முடிஞ்சுதாக்கும்," என்றார் பர்னபி.

"ஜிப் அவளோட அவமானம். தையல் என்னோடது."

கேட்டீர்களா? பிறர் பெயரைப் புதைக்கக் குழி வெட்டியவரால், அந்தக் குழியின் விளிம்பைக்கூட நேர்த்தியாக வெட்டாமல் இருக்க முடியவில்லை. அவரைப் பிடித்துக் கொடுத்தது அந்த நேர்த்தி. வாய் திறக்க வைத்தது அந்தப் பொறாமை.

ரோவெனா மெல்ல வந்து கவுனருகே நின்றார். தையலை விரலால் வருடினார்.

"இவ்வளவு அழகான தையலை இதுக்கா செலவு பண்ணினே, இமோ?"

"வேற எதுக்குப் பண்றது?" இமோஜனின் குரல் உடைந்தது. "உன் பேரு நடுத்திரையில பெருசா வரும். என் பேரு வர்றதுக்குள்ள அடுத்த நிகழ்ச்சியோட விளம்பரம் வந்து எல்லாத்தையும் ஒரு மூலையில அமுக்கிடும். என் அம்மாவால ஒரு தடவைகூட என் பேரைப் படிக்க முடிஞ்சதில்ல. 'நீ நிஜமாவே அதுல வேலை பாக்கறியா'ன்னு கேக்கறாங்க. உன் பேரும் ஒரு தடவை அமுங்கிப் போகட்டும்னு நினைச்சேன்."

ரோவெனா மேசையிலிருந்து தையல் பிரிக்கும் கருவியை எடுத்தார். ஜிப்பருகே கொண்டுபோனார். கை நின்றுவிட்டது. கருவியை இமோஜனிடம் நீட்டினார்.

"நீயே பிரி. எனக்கு மனசு வரலை."

இமோஜன் பிரிக்கத் தொடங்கினார். ஒவ்வொரு தையலும் அறுபடும்போது அவர் தோள் குலுங்கியது. நான் அவரை மன்னிக்கச் சொல்லவில்லை; அவர் செய்தது துரோகம். ஆனால் அந்தத் துரோகம் எந்த மண்ணில் முளைத்தது என்பதையும் பாருங்கள்.

மேல்டன் தொண்டையைக் கனைத்தார். "சரி, எனக்கு உண்மை தெரிஞ்சுது. ஊருக்கு? ஜிப் படம் நாடெல்லாம் போயிடுச்சு. மறுப்புப் போட்டா யாரு படிப்பா? இந்த ஞாயித்துக்கிழமை ரோவெனா பேரைப் போடறேன். பாக்கறவங்க மறுபடியும் கேலி பண்ணி எழுதினா, அடுத்த வாரம் எடுத்துருவேன். என்னை வில்லன் மாதிரி பாக்காதீங்க, மேடம். ஜனங்க என்ன சொல்றாங்களோ அதுதான்."

"அப்ப ஜனங்ககிட்ட கேப்போம்," என்றார் தியடோரா.

"எல்லாரும் என்னை மாதிரி நல்லவங்களா இருப்பாங்களா, பாஸ்?" என்றபடி பர்னபி கால்சட்டையிலிருந்து ஒரு நாய்முடியைப் பிய்த்து எறிந்தார்.

ஜனங்கள் என்றால் யார்? நீங்கள்தான்! குற்றவாளி யாரென்று தியடோரா காட்டிவிட்டார். தீர்ப்பை உங்கள் கையில் விட்டுவிட்டுப் போய்விட்டார். ஒரு பெண் நேர்மையாகத் தைத்தாள். ஒரு நொடிச் சிரிப்பில் அவள் பெயரைக் கிழித்தீர்கள். இன்னொரு பெண் அருமையாகத் தைத்தாள். அவள் பெயர் கண்ணில் படுமுன் எழுந்து போனீர்கள். அந்த மஸ்லினை முதன்முதலில் நெய்து கப்பலேற்றிய வங்கத்து நெசவாளியின் பெயரையோ நீங்கள் கேட்டதே இல்லை. பெயரைப் பறிப்பவன் ஒருவன். பறிபோவதைப் பாராமல் இருப்பவர்கள் ஆயிரம்பேர். இரண்டாவது கூட்டத்தில் இனியும் நிற்காதீர்கள்!

இந்த ஞாயிறு மாலை, கதை முடிந்ததும் எழாதீர்கள். விளம்பரம் வந்து பெயர்களை மூலையில் தள்ளினால், நாற்காலியைத் திரையருகே இழுத்துப் போடுங்கள். சிற்றெழுத்தையும் வாய்விட்டு வாசியுங்கள். மறுநாள் அந்த நிறுவனத்துக்கு எழுதுங்கள்: உழைத்தவர்களின் பெயர்களை மூடாதே என்று எழுதுங்கள். அந்த ஜிப் படத்தை யார் யாருக்கு அனுப்பினீர்களோ, அவர்கள் ஒவ்வொருவருக்கும் இன்றே மறுபடி எழுதுங்கள்: அது அவள் தைத்தது அன்று, அவள் பெயர் ரோவெனா பிளைத்.